ரோமானிய வெள்ளிக் காசை நோட்டம் பார்ப்பது எப்படி?

இலங்கை மன்னர் ஒருவர் ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பார்த்து வியந்துபோன கதை ஒன்று உண்டு. சொல்பவர் ரோமானிய எழுத்தாளர் பிளினி. பேரரசர் கிளாடியஸ் ஆண்ட காலம், அதாவது கி.பி. 41-க்கும் 54-க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். செங்கடல் பகுதியில் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவரின் ஆள், அரேபியக் கரையோரமாகக் கப்பலில் போகும்போது காற்றில் சிக்கி 15-ஆம் நாள் இலங்கையில் கரை ஒதுங்குகிறான். மன்னர் அவனைப் பல மாதங்கள் விருந்தினனாக வைத்திருக்கிறார். அவனிடமிருந்த காசுகளை வாங்கிப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஆளின் தலை. வேறு வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் அடித்தவை என்று தெரிகிறது. ஆனால் எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறது. ரோமானியர்களின் நேர்மைக்கு வேறென்ன சாட்சி வேண்டும் என்று நினைத்து, அவர்களுடைய நாட்டுக்குத் தூதர்களை அனுப்புகிறார்.

தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. அந்த மன்னர் ஒன்றை வைத்து மற்றதை அளந்திருக்கிறார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவர் கையாண்ட முறை. தலையைப் பார்த்தார், ஆட்கள் வேறு என்று புரிந்துகொண்டார். எடை பார்த்தார், காசின் தரத்தைப் புரிந்துகொண்டார். ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று உங்கள் முன்னால் இருந்தால் இன்றைக்கும் செய்ய வேண்டிய வேலை அதுதான். லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ரோமானிய வரலாறு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டியதும் இல்லை. எடை, தலை, எழுத்து, பின்பக்க உருவம் என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தால், காசு தான் யாருடையது, எந்த ஆண்டினுடையது என்பதைத் தானே சொல்லிவிடும். காசைச் சோதித்துப் பார்ப்பதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: நோட்டம். நோட்டக்காரர் என்றால் காசு சோதிப்பவர். இப்போது 'நோட்டம் விடுவது' என்றால் வேறு அர்த்தம் ஆகிவிட்டது. நான் அந்தப் பழைய பொருளில்தான் சொல்கிறேன்.

முதலில் தராசு

ரோமானியர்களின் முக்கியமான வெள்ளிக் காசின் பெயர் தெனாரியஸ். அரபு நாடுகளில் புழங்கும் 'தினார்' என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துடன் இரண்டாவது பெரும்போர் நடந்துகொண்டிருந்தபோது, கி.மு. 211 வாக்கில், இது முதலில் அடிக்கப்பட்டது. அப்போது ரோம் குடியரசு. முதல் பேரரசர் கி.மு. 27-இல் அகஸ்டஸ் என்ற பட்டத்தைப் பெற்றதிலிருந்து பேரரசுக் காலத்துக் காசு என்று கணக்கு வைக்கிறோம். 25 தெனாரியஸ் கொடுத்தால் ஒரு தங்கக் காசு. ஒரு தெனாரியஸுக்கு 4 செஸ்டர்ஷியஸ் என்ற பித்தளைக் காசு.

கையில் எடுத்தால் முதலில் தோன்றுவது, 'இவ்வளவு சின்னதா?' என்பதுதான். குறுக்களவு 17 முதல் 20 மில்லிமீட்டர். இப்போது நாம் செலவழிக்கும் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் தடிமன் அதிகம். அகஸ்டஸ் காலத்துக் காசின் எடை 3.9 கிராம் அளவில் இருக்கும். நம் கணக்கில் அரைப் பவுனுக்கு ஒரு நூல் குறைவு. வெள்ளியின் மாற்றும் மிக உயர்ந்தது, நூற்றுக்கு 97, 98 பங்கு சுத்த வெள்ளி.

கி.பி. 64-இல் பேரரசர் நீரோ இதில் கை வைத்தார். அதுவரை ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்தார்கள். நீரோ அதை 96 ஆக்கினார். எடை 3.4 கிராமுக்கு இறங்கியது, மாற்றும் குறைந்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டு மாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் நூற்றுக்கு 80 சொச்சம். செப்டிமியஸ் செவரஸ் ஆட்சியில், கி.பி. 200-ஐ நெருங்கும்போது, ஏறக்குறைய பாதி வெள்ளி, பாதி செம்பு.

ஆகவே 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நகைக்கடையில் பார்த்திருப்பீர்கள், இப்போது கைக்கு அடக்கமாகவே கிடைக்கிறது. கூடவே வைரம் பார்க்கப் பயன்படுத்துகிறார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ். 3.7 கிராமுக்கு மேல் எடை இருந்தால் நீரோவின் மாற்றத்துக்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தேய்ந்துபோன பழைய காசு எடை குறைந்து 3.4-க்கும் வரலாம் என்பதால், எடையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று கைகாட்டும், அவ்வளவுதான்.

தலைப் பக்கம்

பூவா தலையா போடும்போது நாம் சொல்கிற 'தலை' இங்கே நிஜமாகவே தலைதான். பேரரசரின் பக்கவாட்டு முகம், அநேகமாக வலப்பக்கம் பார்த்தபடி இருக்கும். முகத்தைப் பார்க்கும் முன் தலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இலை மாலை சூடி, பிடரியில் நாடா முடிச்சுத் தொங்கினால் அது தெனாரியஸ். கதிர்கள்போலக் கூர்கூராக நிற்கும் கிரீடம் இருந்தால், அது கி.பி. 215-இல் கரகல்லா கொண்டுவந்த வேறொரு காசு. இரண்டு தெனாரியஸ் மதிப்பில் புழங்கியதாகக் கருதப்படுகிறது. இன்றைய ஆய்வாளர்கள் அதை அன்டோனினியானஸ் என்கிறார்கள். அந்தக் காசிலேயே அரசியின் உருவம் வந்தால் கதிர்க் கிரீடத்துக்குப் பதிலாகத் தோளுக்குக் கீழே பிறை இருக்கும். சூரியனும் சந்திரனும். ஒருமுறை கேட்டால் மறக்காது. முத்துக் கோத்த பட்டி தலையைச் சுற்றியிருந்தால் கான்ஸ்டன்டைன் காலமும் அதற்குப் பிந்தையதும், அதாவது 4-ஆம் நூற்றாண்டு. வெறுந்தலையாக இருந்தால் பல சமயம் இளவரசர். ஆனால் ஹாட்ரியன் போன்றவர்கள் பேரரசராக இருக்கும்போதே வெறுந்தலையுடனும் காசு அடித்திருக்கிறார்கள்.

அப்புறம் தாடி. இதைப்போல உபயோகமான அடையாளம் வேறில்லை. அகஸ்டஸ் தொடங்கி டிராஜன் வரை அநேகமாக எல்லோரும் மழித்த முகம். 117-இல் பதவிக்கு வந்த ஹாட்ரியன் தாடி வைத்தார். அதன்பின் நூறாண்டுக்குத் தாடிதான் வழக்கம். அன்டோனினஸ் பயஸ், மார்க்கஸ் அரேலியஸ், செவரஸ் எல்லோருக்கும் சுருள் தாடி. 3-ஆம் நூற்றாண்டின் படைத்தலைவப் பேரரசர்களுக்கு ஒட்ட வெட்டிய முடியும் முள்தாடியும். கான்ஸ்டன்டைனோடு மழித்த முகம் திரும்பி வருகிறது. எழுத்து முழுக்கத் தேய்ந்த காசில்கூடத் தாடியையும் தராசையும் வைத்து நூற்றாண்டைச் சொல்லிவிடலாம்.

எழுத்துகள்

தலையைச் சுற்றி ஓடும் எழுத்துகளைப் பார்த்துத்தான் புதியவர்கள் மிரண்டுவிடுகிறார்கள். மிரள ஒன்றுமில்லை. நமக்குத் தெரிந்த ஆங்கிலப் பெரிய எழுத்துகள்தான். பெரும்பாலும் கீழே இடப்பக்கம், கடிகாரத்தில் 7 இருக்கும் இடத்தில் தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் போகும். முதல் நூற்றாண்டுக் காசுகள் சிலவற்றில் தொடக்கம் வேறிடத்தில் இருக்கலாம். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடமாட்டார்கள். 'யூ' என்ற எழுத்தே கிடையாது, அது வர வேண்டிய இடத்திலெல்லாம் 'வி' இருக்கும். அகஸ்டஸ் என்ற பெயரைக் காசில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது இதனால்தான்.

எல்லாம் சுருக்கெழுத்து. ஐ எம் பி என்றால் படைத்தலைவர், ஆட்சியாளர் என்ற பட்டம். ஏ வி ஜி என்றால் அகஸ்டஸ், முதல் பேரரசரின் பெயர் பின்னால் பட்டமாகவே ஆகிவிட்டது. பி எம் என்றால் தலைமைப் பூசாரி. பி பி என்றால் நாட்டின் தந்தை. சி ஓ எஸ் என்றால் கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவி, பக்கத்தில் இருக்கும் எண் எத்தனையாவது முறை என்பதைச் சொல்லும். கடைசியாக டி ஆர் பி. மக்கள் பிரதிநிதிக்குரிய அதிகாரம் என்று பொருள். இது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது, ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று ஏறும். ஆகவே டி ஆர் பி-க்குப் பக்கத்தில் இருக்கும் ரோமானிய எண், அந்தக் காசில் அச்சிட்ட தேதி மாதிரி. 2,000 ஆண்டுக்கு முந்தைய பொருள் ஒன்று தான் பிறந்த ஆண்டைத் தானே சொல்வதைப் படிப்பது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. நான்கு என்பதை ஐ போட்டு வி என்று எழுதாமல் நான்கு நேர்கோடாகவே போடுவார்கள், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எழுத்துகள் கிரேக்கமாக இருந்தால் அது மாகாணக் காசு. அலெக்சாண்ட்ரியா போன்ற கிழக்கு நகரங்களில் அடித்தது. அதற்கு வேறு பட்டியல், வேறு படிப்பு.

நம் ஊர் மண்ணில் கிடைத்த காசு

சரி, ஒரு காசை எடுத்து முழுதாகப் பார்ப்போம். பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர் என்று கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் இரண்டு வகைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரைக்குப் போகும் பாதையை ஒட்டிய ஊர்கள் இவை. வெள்ளலூரில் 1842-இலும் 1931-இலும் புதையல்கள் கிடைத்தன.

ஒரு வகை அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் டைபீரியஸுடையது. தலைப் பக்கம்: மாலை சூடிய, மழித்த முகம், நீண்ட மூக்கு, சற்றே முன்தள்ளிய மோவாய். எழுத்துகள் டி ஐ என்று தொடங்கும், அது டைபீரியஸின் சுருக்கம். அப்புறம் சீசர். அப்புறம் 'தெய்வமாகிவிட்ட அகஸ்டஸின் மகன்' என்ற பொருளில் சில சுருக்கங்கள். கடைசியில் அகஸ்டஸ் என்று முழுதாக. திருப்பினால் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருப்பாள். ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் மரக்கிளை. சுற்றிலும் இரண்டே சொல், தலைமைப் பூசாரி என்ற பட்டம். அந்தப் பெண் டைபீரியஸின் தாய் லிவியா என்று பலரும் கருதுகிறார்கள். லென்ஸ் வைத்து நாற்காலியின் கால்களைப் பாருங்கள். சிலவற்றில் சாதாரணக் கால், சிலவற்றில் கடைந்தெடுத்த கால். பாதத்துக்கு அடியில் சிறு மணை இருக்கிறதா, தரையைக் காட்டும் கோடு ஒன்றா இரண்டா என்பதையெல்லாம் வைத்து உள்வகைகள் பிரிப்பார்கள். அடித்த இடம் லுக்டூனம், இன்றைய பிரான்சின் லியோன் நகரம். இயேசுவிடம் காட்டப்பட்ட வரிக்காசு இதுவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக இருப்பதால் உலகம் முழுக்க இதற்குத் தேட்டம் அதிகம். விலையும் அதிகம், போலியும் அதிகம்.

இன்னொரு வகை அகஸ்டஸுடையது. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நேராகப் பார்த்து நிற்பார்கள், நடுவில் இரண்டு கேடயங்கள், பின்னால் ஈட்டிகள். மேலே பூசைக் கரண்டியும் வளைந்த தடியும். இளைஞர்கள் அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் கையஸும் லூசியஸும். மகனாகத் தத்தெடுத்து வாரிசாக அறிவித்தார். இருவருமே அவருக்கு முன்னால் இறந்துவிட்டார்கள். அந்தக் காசு மட்டும் லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டுக் கொங்கு நாட்டு மண்பானை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏன் இவர்கள் இருவருடைய காசு மட்டும் இவ்வளவு? இரண்டுமே நீரோ கை வைப்பதற்கு முந்தைய சுத்த வெள்ளி. நம் ஊர் வணிகர்கள் மாற்றுப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள் என்பது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது ரொம்பவும் பொருத்தமாகப் படுகிறது. முகம் யாருடையது என்பதைப் பற்றி அவர்களுக்கு என்ன கவலை? மிளகு மூட்டைக்கு ஈடாக வருவது நல்ல வெள்ளியா என்பதுதானே கேள்வி.

இந்தியாவில் கிடைத்தவற்றில் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சிலவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தடம் இருக்கும். 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த தங்கக் காசுகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன. அந்த வெட்டு பழையது. காசு கெட்டுப்போனது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள், அதுவும் அதன் வரலாறு. அடுத்தது, உருவங்கள் கிட்டத்தட்டச் சரியாக இருந்து எழுத்துகள் மட்டும் அர்த்தமில்லாத கோடும் வட்டமுமாக இருந்தால், அது இங்கேயே அந்தக் காலத்தில் ரோமானியக் காசைப் பார்த்து அடித்ததாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிரதிகள் இந்தியாவில் நிறையக் கிடைத்திருக்கின்றன.

ஒரே பெயரில் நான்கு பேர்

புதியவர்கள் எல்லோரும் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நண்பர் ஒருவர் ஒரு காசின் படத்தை அனுப்பி, "அன்டோனினஸ் பயஸ்தானே, பெயரே போட்டிருக்கிறதே?" என்று கேட்டார். பெயர் போட்டிருந்தது உண்மைதான். அன்டோனினஸ் என்றும் பயஸ் என்றும் தெளிவாகவே இருந்தது. ஆனால் அன்டோனினஸ் என்ற பெயர் காசில் குறைந்தது நான்கு பேரரசர்களுக்கு வருகிறது. 138 முதல் 161 வரை ஆண்ட அன்டோனினஸ் பயஸ். அவருக்குப் பின் வந்த மார்க்கஸ் அரேலியஸ். 217-இல் கொல்லப்பட்ட கரகல்லா. 218 முதல் 222 வரை ஆண்ட எலகாபாலஸ். இதில் கரகல்லாவும் எலகாபாலஸும் பட்டப்பெயர்கள்தான். கரகல்லா என்பது அவர் விரும்பி அணிந்த ஒருவகை மேலங்கியின் பெயர். எந்தக் காசிலும் அந்தப் பெயர்கள் வராது. நல்ல பேரரசர் என்று பெயரெடுத்த அன்டோனினஸின் பெயரைத் தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள், குழப்பம் நம் தலையில்.

எப்படிப் பிரிப்பது? சொற்களின் வரிசையைப் பாருங்கள். அன்டோனினஸ், அடுத்து ஏ வி ஜி, அதற்கடுத்து பயஸ் என்று இருந்தால் அது உண்மையான அன்டோனினஸ் பயஸ். அன்டோனினஸ், பயஸ், ஏ வி ஜி என்று வந்தால் கரகல்லா. முன்னால் ஐ எம் பி இருந்து, பிறகு அன்டோனினஸ் பயஸ் ஏ வி ஜி என்று வந்தால் அநேகமாக எலகாபாலஸ். பெயருக்கு முன்னால் எம் என்ற எழுத்து மட்டும் இருந்தால் பெரும்பாலும் மார்க்கஸ் அரேலியஸ்.

நண்பர் அனுப்பிய காசில் இரண்டாவது வரிசை. பெயருக்குப் பின்னால் பி ஆர் ஐ டி என்ற நான்கு எழுத்துகள் வேறு. பிரிட்டன் படையெடுப்புக்காகக் கிடைத்த பட்டம் அது, 210 முதல் கரகல்லாவின் காசில் வருகிறது. பின்பக்கம் ஒரு பெண் நிற்கிறாள், கையில் கூம்புத் தொப்பி, விடுதலை பெற்ற அடிமைக்குக் கொடுக்கும் தொப்பி. அவள் பெயர் லிபர்டாஸ், விடுதலைத் தேவி. சுற்றிலும் டி ஆர் பி 16, சி ஓ எஸ் 4. கரகல்லாவுக்கு இந்த அதிகாரம் முதலில் கிடைத்தது 198-இல். அதையும் சேர்த்து எண்ணினால் 16-ஆவது வருவது 213-இல்.

இதில் ஒரு விந்தை என்னவென்றால், அன்டோனினஸ் பயஸுக்கும் டி ஆர் பி 16 உண்டு. அவரும் அப்போது நான்கு முறை கான்சல் ஆனவர். அது 152-153. இரண்டு காசிலும் அதே பெயர், அதே எண்கள். சொல் வரிசையைக் கவனிக்காமல் விட்டால் 60 ஆண்டு தவறிப்போகும். எழுத்து தேய்ந்திருந்தால்? அப்போது முகம் கைகொடுக்கும். பயஸின் முகம் ஒடுங்கி நீண்டு சாந்தமாக இருக்கும். வளர்ந்த கரகல்லாவுக்குப் புருவம் நெரித்த முறைப்பு, தடித்த கழுத்து. அவரே சிறுவனாக இருந்தபோது அடித்த காசுகளில் மழமழவென்ற கன்னம் இருப்பதால், முறைப்பு இல்லை என்பதற்காக அவரை விட்டுவிடவும் கூடாது. எலகாபாலஸ் பதின்ம வயதிலேயே இறந்தவர், பின்பக்கத்தில் உருவத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் அவராக இருக்க நல்ல வாய்ப்பு. வெள்ளியின் மாற்றும் உதவும். பயஸின் காசைவிடக் கரகல்லாவின் காசில் செம்பு மிக அதிகம்.

பேரரசர் வெஸ்பாசியனும் அவர் மகன் டைட்டஸும் இதே மாதிரிதான், இருவர் பெயரிலும் வெஸ்பாசியன் வரும். மகன் காசு என்றால் டி என்ற எழுத்தோ டைட்டஸ் என்ற பெயரோ கூடவே இருக்கும்.

பூப் பக்கம்

பின்பக்க உருவங்களை அடையாளம் காண்பதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கோவில் தூணில் ஒரு சிற்பத்தைப் பார்த்தால் முகத்தை வைத்தா இன்ன தெய்வம் என்று சொல்கிறோம்? கையைப் பார்க்கிறோம். சங்கு சக்கரம் இருந்தால் பெருமாள், வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி. ரோமானியக் காசிலும் அதே இலக்கணம்தான். நின்றுகொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருப்பார்கள், கையில் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். தராசு பிடித்தவள் ஈக்விடாஸ், நேர்மை. நெற்கதிர் மாதிரி கோதுமைக் கதிர் வைத்திருப்பவள் அன்னோனா, ரோம் நகரின் தானிய வரத்துக்கு உரியவள். நம் அன்னம் என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல்தான், ஆனால் நினைவில் நிற்கும். கப்பல் சுக்கான் பிடித்தவள் ஃபார்ச்சூனா, அதிர்ஷ்டம். பாம்புக்கு ஊட்டுபவள் சாலுஸ், உடல்நலம். ஒலிவக் கிளை என்றால் பாக்ஸ், சமாதானம். இறக்கையும் மாலையும் இருந்தால் விக்டோரியா, வெற்றி. பூ ஒன்றைப் பிடித்து ஆடையின் ஓரத்தைத் தூக்கியபடி நடப்பவள் ஸ்பெஸ், நம்பிக்கை. பத்துப் பன்னிரண்டு பேரைப் பழகிக்கொண்டால் பெரும்பாலான தெனாரியஸுகளுக்குப் போதும்.

215-க்குப் பிறகு

கதிர்க் கிரீடக் காசு வந்தபோது எடை 5 கிராம். இரண்டு தெனாரியஸின் மதிப்பு, ஆனால் அதிலிருந்த வெள்ளியோ ஒன்றரைக் காசுக்குத்தான். 240-களில் மூன்றாம் கோர்டியன் ஆட்சியோடு தெனாரியஸ் ஏறக்குறைய நின்றுபோனது. 260-களில் காலியனஸ் காலத்தில் கதிர்க் கிரீடக் காசும் செம்பாகிவிட்டது, மேலே வெள்ளிப் பூச்சு மட்டும். பழுப்பு நிறத்தில் மெல்லிசாக, ஓரம் கோணலாக இருக்கிறதே என்று ஒதுக்காதீர்கள், அதுவும் பிறப்பில் வெள்ளிக் காசுதான். ஓரிரு இடத்தில் பூச்சின் மினுக்கம் மிச்சமிருக்கும். இலங்கை மன்னர் அந்தக் காசைப் பார்த்திருந்தால் தூதர்களை அனுப்பியிருப்பாரா என்று நினைத்துக்கொள்வதுண்டு. 274-இல் ஆரேலியன் கொஞ்சம் சரிசெய்தார். 294 வாக்கில் டையோக்ளீஷியன் மறுபடி நல்ல வெள்ளியில் காசு அடித்தார். சிலவற்றில் 96 என்ற எண்ணையே பொறித்தார், ராத்தலுக்கு 96 காசு என்ற நீரோவின் பழைய கணக்கு. 4-ஆம் நூற்றாண்டில் வரும் மெல்லிய, 2 கிராம் அளவு வெள்ளிக் காசுகளைச் சிலிக்வா என்பார்கள். முத்துப் பட்டித் தலை, பின்னால் மாலைக்குள், பேரரசரின் ஆட்சிக்காக வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனின் ஆண்டு எண்கள், அடியில் அடித்த ஊரின் எழுத்துகள். டி ஆர் என்றால் இன்றைய ஜெர்மனியின் ட்ரியர், ஏ க்யூ என்றால் இத்தாலியின் அக்விலேயா.

போலியும் புளியும்

போலி இரண்டு வகை. ஒன்று அந்தக் காலத்துப் போலி. உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு. ஓரத்தில் தகடு உரிந்து பச்சை தெரியும், எடையும் குறையும். இதைச் சேகரிப்பவர்கள் விரும்பியே வைத்துக்கொள்வார்கள், அதுவும் பழம்பொருள்தானே. இன்னொன்று இந்தக் காலத்து வார்ப்பு. உண்மைக் காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தது. அதனால் எழுத்தின் விளிம்பு வெடுக்கென்று இருக்கும், ஓரத்தில் சின்ன வெடிப்புகூட இருக்கலாம், உருவம் ஒருபக்கம் தள்ளி விழுந்திருக்கலாம். வார்ப்பில் எல்லாம் சோப்புக் கட்டிபோல மழுங்கி, லென்ஸில் பார்த்தால் குமிழ்க்குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதி சேர்ந்த கோட்டை அரத்தால் ராவியிருப்பார்கள். இரண்டு காசில் ஒரே கீறல், ஒரே இடத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இரண்டுமே ஒரே மாதிரியை வைத்து வார்த்தவை.

கையில் இருக்கும் காசு கறுத்திருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்கும் கை நமக்கு, புளியும் பல்பொடியும் தேடிப் போகும். அந்தக் கறுப்புப் படலம் வெள்ளியின் மேல் காலம் போட்ட போர்வை. தேய்த்தால் எழுத்தின் கூர்மையும் கூடவே போய்விடும், திரும்ப வராது. ஓரத்தைப் பிடித்து எடுங்கள், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்துகூட நிழலில் எழுந்து நிற்கும்.

எடை, தலை, எழுத்து, பின்பக்கம் நான்கும் கிடைத்துவிட்டால் கடைசிப் படி அதன் எண்ணைக் கண்டுபிடிப்பது. ரோமானியப் பேரரசுக் காசுகளுக்கு ஆர்.ஐ.சி. (ரோமன் இம்பீரியல் காயினேஜ்) என்ற தொகுப்புத்தான் உலகம் முழுக்க அளவுகோல், ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண். மேலே பார்த்த டைபீரியஸ் காசுக்கு 30, அகஸ்டஸின் பேரர்கள் காசுக்கு 207. இந்த எண்களை வைத்து இணையத்தில் இலவசமாகத் தேடவும் படத்தோடு ஒப்பிடவும் அமெரிக்க நாணயவியல் கழகம் வழி செய்திருக்கிறது. முன்பக்க எழுத்தில் நான்கைந்து சேர்ந்தாற்போல் கிடைத்தால்கூட அதில் தேடிவிடலாம். நேரில் பார்க்க வேண்டுமென்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. தோட்டத்தில் குழி தோண்டும்போது பானையோடு காசு கிடைத்தால் அது தோண்டியவர் சொத்தாகிவிடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு காசைத் தனியாகப் பார்த்தால் அது எப்போது அடிக்கப்பட்டது என்பதுதான் தெரியும். பானையில் கூட இருந்த மற்ற காசுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான், அது எவ்வளவு காலம் புழங்கி எப்போது புதைக்கப்பட்டது என்று கணிக்க முடியும். ஆகவே பானையைக் கவிழ்க்காமல், காசுகளைப் பங்கு பிரிக்காமல், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துவைத்து, பானையோடு ஒப்படையுங்கள். உடைந்த ஓட்டுத் துண்டும் அதில் சேர்த்தி.